எட்டே எபிசோட் ‘செமான்டிக் எரர்’: எங்கே நிமிர்கிறது, எங்கே தடுமாறுகிறது

கொரிய பிஎல் தொடர், அதாவது ஆணும் ஆணும் காதலிக்கும் கதை, எதையும் இதுவரை பார்க்காத ஒருவர் என்னிடம் கேட்டது இது: “எதிலிருந்து தொடங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் ‘செமான்டிக் எரர்’ என்கிறார்கள். எட்டே எபிசோட்தானாம். உண்மையிலேயே அவ்வளவு நல்ல தொடரா? எதில் பலம், எதில் பலவீனம்?”

நல்ல தொடர்தான், தாராளமாக இதிலிருந்து தொடங்கலாம். ஆனால் குறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சின்னக் குறை இல்லை. நான் இதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை சிரித்துக்கொண்டே ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். இரண்டாம் தடவை குறைகள் உறுத்தின. மூன்றாம் தடவைதான் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று பிடிபட்டது. இந்தத் தொடர் இரண்டு பேரைத் தவிர வேறு யாரையும், வேறு எதையும் உள்ளே விடுவதில்லை. முன்பாதி அதனால்தான் அவ்வளவு இறுக்கமாக, அவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது. பின்பாதி தடுமாறுவதும் அதனால்தான்.

முதலில் விவரம். பிஎல் என்பது ‘பாய்ஸ் லவ்’ என்பதன் சுருக்கம். 1970களில் மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதைகளில், பெரும்பாலும் பெண்கள் பெண்களுக்காக எழுதி வரைந்து வளர்த்த வகை அது. அங்கிருந்து தைவான், தாய்லாந்து, கொரியா என்று பரவியது. ‘செமான்டிக் எரர்’ வாட்சா என்ற கொரிய ஓடிடி தளம் தன் ஒரிஜினலாக வெளியிட்ட தொடர். 2022 பிப்ரவரி 16 முதல் மார்ச் 10 வரை, புதன் ஒன்று வியாழன் ஒன்று என்று எட்டு எபிசோட் வந்தன. ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குச் சற்று கூடக் குறைய; எல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய 3 மணி நேரம்தான். நம் ஊர்ப் படம் ஒன்றின் நீளம். அதே ஆண்டு ஆகஸ்டில் இதை அப்படியே கோத்து ஒரே படமாகத் திரையரங்கிலும் வெளியிட்டார்கள். மூலம், ஜோசூரி என்ற புனைபெயரில் எழுதுபவரின் வெப் நாவல். இயக்கம் கிம் சூ-ஜங்.

கதை ஒரு கல்லூரி வளாகத்தில் நடக்கிறது. கணினித் துறையில் படிக்கும் சூ சாங்-வூவுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அதே தொப்பி, வகுப்பில் அதே இருக்கை, தானியங்கி இயந்திரத்தில் அதே காபி. ஒரு குரூப் புராஜெக்டில் மற்ற யாரும் கைகொடுக்காததால் தானே முழுவதும் செய்து, வேலை செய்யாதவர்களின் பெயர்களை நீக்கிவிட்டுச் சமர்ப்பிக்கிறான். நீக்கப்பட்ட பெயர்களில் ஒன்று ஜாங் ஜே-யங்குடையது. அவன் வடிவமைப்புத் துறை சீனியர். கல்லூரியே அறிந்த ஆள், பட்டம் வாங்கிக்கொண்டு வெளிநாடு போகத் தயாராக இருந்தவன். அந்த ஒரு பாடத்தில் தவறியதால் பட்டம் தள்ளிப்போகிறது. யாருடா இந்தச் சாங்-வூ என்று தேடிக் கிளம்புகிறான். இன்னொரு பக்கம், தான் எழுதும் மொபைல் கேமுக்கு நல்ல வடிவமைப்பாளர் தேடும் சாங்-வூ, யார் என்று தெரியாமலே ஜே-யங்கின் வேலையைப் பார்த்து மயங்குகிறான்.

இந்தத் தொடக்கத்தை நான் ரொம்ப மதிக்கிறேன். பல பிஎல் தொடர்களில் இரண்டு பேரும் சந்திக்க ஒரு விபத்து, ஒரு மழை, ஒரு குடை தேவைப்படும். இங்கே இருப்பது ஒரு நியாயப் பிரச்சினை. வேலை செய்யாதவன் பெயரை நீக்கியது சரியா தப்பா? கொரியக் கல்லூரிகளில் குழுப் பணி என்றாலே மாணவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். வேலை செய்யாமல் மதிப்பெண் மட்டும் வாங்குபவனுக்கு ‘ஃப்ரீ ரைடர்’ என்று ஆங்கிலச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். நம் இன்ஜினியரிங் கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ராத்திரி முழுக்க விழித்திருப்பான், அட்டையில் நான்கு பெயர் இருக்கும். அதனால் முதல் பத்து நிமிடத்திலேயே நமக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. நான் முழுக்க முழுக்க சாங்-வூ பக்கம்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிரல் எழுதும்போது இரண்டு வகைத் தவறு வரும். ஒன்று சின்டாக்ஸ் எரர்: எழுதும் முறையிலேயே தப்பு, கணினி உடனே மறுத்துவிடும். இன்னொன்று செமான்டிக் எரர்: எழுத்துமுறை சரியாகவே இருக்கும், ஆனால் சொல்ல நினைத்த பொருள் ஒன்று, நடப்பது வேறொன்று. பின்னதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். சாங்-வூவின் வாழ்க்கை அப்படித்தான். ஒரு வரியிலும் தவறில்லை. அதற்குள் ஜே-யங் வந்த பிறகு எதிர்பார்த்த விடை வருவதில்லை. நம் இலக்கணத்தில் இதற்கு அருகில் ஒரு நல்ல சொல் இருக்கிறது, வழுவமைதி. பசுவைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்பது திணை வழு. ஆனால் பிரியத்தால் சொன்னது என்பதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. எட்டு எபிசோடில் சாங்-வூ கடக்கும் தூரம் அதுதான். தவறைத் திருத்தப் பார்க்கிறான், பிறகு அது அப்படியே இருக்கட்டும் என்று ஏற்கிறான்.

பலத்தில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது, சாங்-வூவாக நடித்த பார்க் ஜே-சான். டிகேஇசட் என்ற கே-பாப் ஐடல் குழுவில் பாடியவர். அந்தக் குழு 2019இல் டோங்கிஸ் என்ற பெயரில் அறிமுகமானது. ஐடல்களை நாயகர்களாக்குவது கொரிய பிஎல்லில் வழக்கம். ரசிகர் கூட்டம் தயாராக இருக்கும், ஆனால் நடிப்பு பெரும்பாலும் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பதோடு முடிந்துவிடும். ஜே-சான் வேறு ஒன்று செய்கிறார். நாவல் படிக்கும்போது சாங்-வூவின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு படிக்கிறோம். அவன் எதையும் கணக்காக மாற்றிப் பார்ப்பதுதான் அங்கே சிரிப்பு. திரையில் அந்த உள்குரலுக்கு இடம் குறைவு. அதை இவர் உடம்பால் ஈடுகட்டுகிறார். நேர்க்கோட்டில் நடக்கும் நடை, தொப்பிக்குக் கீழே பாதி மறைந்த கண், பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி அசையாமல் நிற்பது. சாங்-வூ சிரிப்பதே அபூர்வம் என்பதால், கடைசியில் வாயோரம் கொஞ்சம் நெகிழ்ந்தாலே பார்ப்பவருக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஜே-யங்காக வருபவர் பார்க் சோ-ஹாம், கேஎன்கே என்ற ஐடல் குழுவில் இருந்தவர். உயரம், சிரிப்பு, எந்த இடத்துக்குப் போனாலும் அது தன் வீடு மாதிரி சாய்ந்து உட்காரும் பழக்கம். நடிப்பில் ஜே-சான் அளவுக்கு நுணுக்கம் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவனைப் பார்க்கும் பார்வையில் அவர் எங்கேயும் பொய் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரி என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம். இங்கே அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், ஒருவர் ஓயாமல் அசைகிறார், இன்னொருவர் அசைய மறுக்கிறார். ஒரே சட்டகத்துக்குள் இரண்டு வேகம். அதற்கு மேல் இசையோ மெதுவோட்டமோ தேவைப்படவில்லை. இன்னொரு செய்தி: கடைசி எபிசோட் வெளியான அதே மார்ச் 10 அன்று சோ-ஹாம் கட்டாய ராணுவ சேவைக்குப் போய்விட்டார். தொடர் உச்சத்தில் இருந்தபோது நாயகர்களில் ஒருவர் சேவையில் இருந்தார்.

பழிவாங்கும் படலம்தான் முன்பாதியின் உயிர். சாங்-வூவுக்குச் சிவப்பு பிடிக்காது என்று தெரிந்ததும் ஜே-யங் சிவப்பாக உடுத்திக்கொண்டு வருகிறான். வகுப்பில் அவனுடைய இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவன் தினமும் குடிக்கும் காபி டின்களை இயந்திரத்திலிருந்து மொத்தமாக வாங்கிக் காலியாக்குகிறான். இவையெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், செலவில்லாமல் படமாக்கக்கூடியவை. குறைந்த பணத்தில் எடுக்கும் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இருக்க முடியாது. நிறமே கதை சொல்லிவிடுகிறது: கறுப்பும் சாம்பலுமாக இருக்கும் சாங்-வூவின் உலகத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்து வருகிறது. அப்புறம் ஒரு கட்டத்தில் தொல்லை நின்றுபோகிறது. இருக்கை காலியாக இருக்கிறது, காபி கிடைக்கிறது, எல்லாம் பழையபடி ஒழுங்கு. சாங்-வூவுக்கு அந்த ஒழுங்கு பிடிக்கவில்லை. வசனமே இல்லாமல் காதலை அறிவிக்கும் இடம் அது. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே.

பேச்சு மரியாதையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதித் தொடரை விட்ட மாதிரி. கொரிய மொழியில் வயது, வகுப்பு, நெருக்கம் எல்லாம் வினைச்சொல்லின் விகுதியில் வந்து உட்காரும். ஜே-யங் மூத்தவன், ஆகவே ஒருமையில் பேசுகிறான். சாங்-வூ இளையவன், மரியாதை விகுதியோடு பேசுகிறான். ஆனால் அவன் கொடுக்கும் மரியாதையில் பணிவே இல்லை. ஆளைத் தூர நிறுத்தும் மரியாதை அது. நம் வீட்டில் அப்பாவிடம் கோபம் வந்த அம்மா திடீரென்று “நீங்க சாப்பிட்டா சாப்பிடுங்க, சாப்பிடாட்டி போங்க” என்பாரே, அந்த மாதிரி. சொல்லில் மரியாதை, தொனியில் கதவைச் சாத்தும் சத்தம். ஆங்கில சப்டைட்டிலில் இது ஒன்றுமே தெரியாது, எல்லாம் ஒரே ‘யூ’ ஆகிவிடும். நீ, நீங்க என்ற வேறுபாட்டோடு பிறந்து வளர்ந்த நமக்கு, காதைக் கொடுத்துக் கேட்டால் பாதி புரியும். கொரியக் காதல் கதைகளில் சொல்லப்படாத பாதி எப்போதும் அந்த விகுதிகளில்தான் இருக்கிறது.

இன்னொரு பலத்தை யாரும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. தொடர் சாங்-வூவைக் குணப்படுத்தவில்லை. அவன் ஆட்டிசம் உடையவனா என்று பலர் விவாதிக்கிறார்கள். தொடர் எந்தப் பெயரும் சூட்டுவதில்லை. எனக்கு அந்த முடிவு சரியாகப் படுகிறது. இப்படிப்பட்ட பாத்திரம் வந்தாலே காதல் அவனை ‘சாதாரண’ மனிதனாக மாற்றிவிட வேண்டும் என்று கதைகள் துடிக்கும். முடி வெட்டி, சட்டை மாற்றி, கூட்டத்தில் ஆட வைத்து முடிப்பார்கள். இங்கே சாங்-வூ கடைசிவரை அட்டவணைக்காரன்தான். காதலையும் காரண காரியத்தோடுதான் அணுகுகிறான், தன் மனதைச் சொல்லும்போதும் ஒரு அறிக்கை வாசிக்கிற மாதிரிதான் சொல்கிறான். மாறுவது, அந்த அட்டவணையில் இன்னொரு ஆளுக்கு இடம் ஒதுக்குவது மட்டும். தன் இயல்பு இப்படித்தான் என்று பிறரிடம் விளக்கி விளக்கிக் களைத்துப்போனவர்கள் இந்தத் தொடரை ஏன் இவ்வளவு நேசிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

சரி, இனி குறைகள்.

பெரிய குறை, மேலே நான் ரசித்துச் சொன்ன அதே பழிவாங்கும் படலத்தில்தான் இருக்கிறது. ஒருவன் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறான். இன்னொருவன் போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்து, அவனுடைய அன்றாடத்தைக் குலைக்கிறான். ஒழுங்கு குலைந்தால் தாங்கமுடியாத ஆளிடம் இதைச் செய்வது விளையாட்டு இல்லை. தொடர் வருவதற்கு நான்கு மாதம் முன்புதான், 2021 அக்டோபரில், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தண்டிக்கும் தனிச் சட்டம் கொரியாவில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்துக்காகப் பெண்கள் எத்தனையோ வருடம் போராடினார்கள். அதே நேரத்தில் அதே நாட்டில் பின்தொடர்வதை இனிப்பாகக் காட்டும் தொடர் கொண்டாடப்படுகிறது. நம் சினிமாவிலும் பெண் பின்னாலேயே சுற்றுபவனை எத்தனை வருடம் காதலன் என்று கைதட்டினோம். அதனால் இதைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு மணி அடிக்கிறது. இரண்டும் ஆண்கள் என்பதால் அந்த மணி நின்றுவிட வேண்டியதில்லை.

தொடரின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஜே-யங் தொடங்குவது காதலால் இல்லை, கோபத்தால். காதலிப்பவனுக்கு இதைச் செய்ய உரிமை உண்டு என்று தொடர் சொல்லவில்லை. சாங்-வூவும் சும்மா வாங்கிக்கொள்பவன் இல்லை, தன் வழியில் திருப்பிக் கொடுக்கிறான். பின்பாதியில் ஆமா, இல்லை என்று முடிவெடுக்கும் இடமும் அவனுக்குக் கிடைக்கிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் அன்றைக்குச் செய்தது தப்பு என்று இருவரும் உட்கார்ந்து நேராகப் பேசும் ஒரு காட்சி இருந்திருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். அதற்கு இரண்டு நிமிடம் போதும். 3 மணி நேரத்தில் அந்த இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

அதோடு சேர்ந்த இன்னொரு நழுவல், தொடங்கிய கேள்வி தொலைந்துபோவது. பெயரை நீக்கியது சரியா என்று கேட்டுத்தானே கதையே பிறந்தது? பின்பாதியில் அந்தப் பேச்சே மங்கிவிடுகிறது. மெல்ல மெல்ல, சாங்-வூவின் கறார்தான் எல்லாவற்றுக்கும் காரணம், அவன்தான் இளக வேண்டும் என்ற தொனி வருகிறது. அவன் செய்தது கறாராக இருக்கலாம், அநியாயம் இல்லை. அவ்வளவு நல்ல நியாயப் பிரச்சினையைக் கையில் வைத்துக்கொண்டு அதை வெறும் சந்திப்புக்கான சாக்காகச் சுருக்கிவிட்டார்களே என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

ஜே-யங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் நமக்குக் கிடைப்பதில்லை. சாங்-வூ ஏன் ஜே-யங்கிடம் விழுகிறான் என்பது படிப்படியாகத் தெரிகிறது. ஜே-யங் ஏன் சாங்-வூவிடம் விழுகிறான்? எல்லோருக்கும் பிடித்த ஒருவனை, தன்னைப் பிடிக்காத ஒருவன் ஈர்க்கிறான் என்பது தொடக்கத்துக்குப் போதும். எட்டாவது எபிசோட்வரை அது தாங்காது. அவனுடைய வெளிநாட்டுத் திட்டம், அவனுடைய பயம், இந்தக் காதலுக்காக அவன் எதை விடப்போகிறான், எல்லாம் வந்த வேகத்தில் கடந்துவிடுகின்றன. கடைசி இரண்டு எபிசோட்களில் பிரிவும் சேர்தலும் அடுத்தடுத்து ஓடுகின்றன. பிரிந்த வலி நமக்குள் இறங்குவதற்குள் சேர்ந்துவிடுகிறார்கள். முன்பாதியில் ஒரு காபி டின்னுக்குக் கொடுத்த பொறுமையைப் பின்பாதியில் ஒரு பிரிவுக்குக் கொடுக்கவில்லை.

பெண் பாத்திரங்கள் விஷயத்தில் பாதி நன்மை, பாதி தீமை. சாங்-வூவை விரும்பும் ஜூனியர் மாணவி ஜி-ஹே வில்லியாக மாறுவதில்லை. பல பிஎல் தொடர்களில் பெண் வந்தாலே காதலுக்குக் குறுக்கே வந்த சூழ்ச்சிக்காரி என்று எழுதிவிடுவார்கள். இங்கே அந்த அசிங்கம் இல்லை. ஆனால் அவள் என்ன ஆனாள், அவளுக்கு வலித்ததா என்பதில் கதைக்கு அக்கறையும் இல்லை. மற்றத் தோழர்கள் எல்லாம் நாயகர்களிடம் ஒரு கேள்வி கேட்டு நகர்ந்துவிடுகிறவர்கள். கணினிச் சொற்களும் அப்படித்தான். பிழை, பிழைதிருத்தம் என்ற உவமைகள் முதலில் சாங்-வூவின் மனத்தைத் திறக்கும் சாவியாக இருந்தன, போகப் போக அலங்காரமாகிவிட்டன.

வெளியுலகம் இல்லாதது குறையா? இதில்தான் நான் பல நாள் குழம்பினேன். அந்த வளாகத்தில் இரண்டு ஆண்கள் காதலிப்பதை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. வீடு, பெற்றோர், மதம், ராணுவம் எதற்கும் கதையில் எடை இல்லை. உண்மையான கொரியா அப்படி இல்லை. 2000இல் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று வெளிப்படையாகச் சொன்ன நடிகர் ஹாங் சொக்-சோன் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலிருந்து உடனே நீக்கப்பட்டார். அங்கே ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை. ஒரே பாலின இணையருக்கு மருத்துவக் காப்பீட்டில் சார்ந்திருப்பவர் என்ற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2024 ஜூலையில்தான். ராணுவக் குற்றவியல் சட்டத்தின் 92-6 பிரிவு, படைவீரர்கள் இருவர் மனமொத்து உறவுகொண்டாலும் தண்டிக்க இடம் தருகிறது. முகாமுக்கு வெளியே, சொந்த நேரத்தில் நடந்ததற்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஏப்ரலில், இந்தத் தொடர் முடிந்த ஆறு வாரத்தில். பிரிவு மட்டும் போகவில்லை. 2023இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லும் என்றது. சோ-ஹாம் கட்டாய சேவைக்குப் போன நாளில் நடப்பில் இருந்த ராணுவச் சட்டம் அது.

இவ்வளவும் தெரிந்தும், இந்தத் தொடர் அழுகையும் போராட்டமும் இல்லாமல் இருந்ததற்காக நான் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். நெடுங்காலம் திரையில் இப்படிப்பட்டவர்கள் வந்தால் கடைசியில் செத்துப்போவார்கள், இல்லை சிரிப்புக்குப் பயன்படுவார்கள். காபி டின்னுக்காகச் சண்டை போட்டுக் காதலித்து மகிழ்ச்சியாக முடியும் ஒரு கதையும் தேவைதான். எனக்குக் குறையாகப் படுவது சமூகம் இல்லாதது அல்ல. சாங்-வூவுக்குள்ளேயே அந்தக் கேள்வி எழாததுதான். எதையும் ஆராய்ந்து பார்க்கும் மூளை அவனுடையது. தான் ஒரு ஆணை விரும்புகிறோம் என்பதைவிடக் கணக்கு ஒத்துவரவில்லை என்பதே அவனை அதிகம் உலுக்குகிறது. அவன் குணத்துக்கு அது பொருத்தம்தான் என்று வாதிடலாம். ஆனாலும் அந்தப் புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவதில் தயாரிப்பாளர்களின் தயக்கமும் கொஞ்சம் தெரிகிறது.

தயக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. கொரிய பிஎல் தொடர்கள் பரவலாக வரத் தொடங்கியது 2020இல், ஹ்வாங் டா-சுல் இயக்கிய சிறு வெப் தொடர் ஒன்றோடு. அதுவும் எட்டே எபிசோட், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான். அதன் கொரியத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் தமிழாக்கினால் ‘உன் பார்வை தங்கும் இடத்தில்’ என்று வரும். எந்தச் சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. பெரிய தொலைக்காட்சிகளின் முதன்மை நேரம் இந்தக் கதைகளுக்குத் திறக்கவில்லை. அதனால் கையில் இருக்கும் சிறு பணத்தில், இரண்டு மூன்று இடங்களில், பெயர் அதிகம் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்து, வெளிநாட்டு ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் விற்றார்கள். குறுகிய நீளம் அழகுக்காக மட்டும் எடுத்த முடிவு இல்லை, வேறு வழியில்லாததாலும்தான். ‘செமான்டிக் எரர்’ அந்தக் கட்டாயத்தைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியது. உள்நாட்டுத் தளத்திலேயே பெரிய வெற்றி பெற்று, இந்த வகைக்குக் கொரியாவுக்குள்ளும் பார்வையாளர் உண்டு என்று காட்டியது. அதற்குப் பிறகு இந்தத் தொடர்களின் எண்ணிக்கை சட்டென்று கூடியது.

பார்த்துப் பிடித்திருந்தால் அடுத்து ‘தி எய்த் சென்ஸ்’ பாருங்கள், 2023, பத்து எபிசோட். ராணுவ சேவை முடித்துக் கல்லூரிக்குத் திரும்பியவனும் கிராமத்திலிருந்து தலைநகர் சோலுக்கு வந்த புதிய மாணவனும். மனநலம், தயக்கம், சுற்றியிருப்பவர்களின் பேச்சு என்று இந்தத் தொடர் வெளியே நிறுத்திய பலவற்றை அது உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறது. அதற்கும் பிறகு, மனம் கனக்கத் தயார் என்றால், பார்க் சாங்-யங் நாவலிலிருந்து 2024இல் வந்த எட்டு எபிசோட் ‘லவ் இன் தி பிக் சிட்டி’. அதை பிஎல் என்று சொல்வதைவிட, தன்பாலீர்ப்பு உள்ள ஒருவனின் வாழ்க்கைக் கதை என்பதே சரி. அது வெளியாவதற்கு முன் பழமைவாதக் குழுக்கள் போராட்டம் நடத்தின. வளாகத்துச் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது அதில் தெரியும்.

‘செமான்டிக் எரர்’ பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். முதல் மூன்று எபிசோட்களை இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் பாருங்கள். அந்தச் சண்டையின் வேகம் அறுபடக் கூடாது. பிறகு நான்காவதிலிருந்து சப்டைட்டிலை விட்டு ஒரு காதைப் பேச்சுக்கும் கொடுங்கள். சாங்-வூவின் வாக்கியங்கள் பெரும்பாலும் ‘யோ’ என்றோ ‘ம்னிதா’ என்றோ முடியும். இரண்டும் மரியாதை விகுதிகள். அவன் குரல் எங்கே இளகுகிறது, அந்த ‘யோ’ எங்கே கதவைச் சாத்தாமல் திறந்து வைக்கிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.